ஒன்று விட்டு ஒரு வளைவில்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, ஐடிஐ முடித்துவிட்டு வந்திருக்கும் இரண்டு தங்கச்சிகளே,

ஒர்க்‌ஷாப் சுவரில் ஒட்டி வைக்க நாலு வரி எழுதித் தரும்படி போன வாரம் கேட்டீர்கள். நாலு வரியில் பேச்சை முடிக்கிற ஆள் நான் இல்லை. ஒரு நட்டை முறுக்கச் சொல்வதற்கே மேஸ்திரி கால் மணி நேரம் எடுப்பார் என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். அதனால் சுவரை மறந்துவிடுங்கள். டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

கொல்லிமலை அடிவாரத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு மற்ற ஊர் மெக்கானிக்குகளுக்கு வராத கேள்விகள் வரும். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிவிட்டு வருகிறவன் சும்மா வரமாட்டான். பிரேக் வாசனையோடு வருவான், முகம் வெளிறி வருவான், இல்லையென்றால் போனில் எதையாவது பார்த்துவிட்டு ஒரு யோசனையோடு வருவான். இந்த மூன்றாவது ரகத்திடம்தான் அதிகக் கவனம் வேண்டும். இப்போது அந்த ரகம் கேட்கிற முதல் கேள்வி, "மேஸ்திரி, ஸ்பேசர் போடலாமா?"

உங்களில் சிலர் இன்னும் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். சக்கரத்துக்கும் அது உட்காருகிற ஹப்புக்கும் நடுவில் வைக்கிற கனமான வட்டத் தட்டு, அவ்வளவுதான். அதை மாட்டினால் சக்கரம் இரண்டு விரல் அளவு வெளியே தள்ளி நிற்கும். வண்டி காலை அகட்டி நிற்கிற மாதிரி தெரியும். பார்க்க மிடுக்காக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

ஸ்பேசர் என்றதும் நான் சாமியாடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். மலையைச் சுற்றிப் பார்க்க ஜீப்பில் வருகிற பிள்ளைகள் அகலமான டயர் போட்டிருப்பார்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்ளே உரசும். அந்த வண்டிக்கென்று கடைந்த தட்டு, ஹப்பில் ஆட்டம் இல்லாமல் உட்காருகிற தட்டு, அதற்கேற்ற நீள போல்ட் எல்லாம் இருந்து, ஆர்டிஓ ஆபீஸிலும் கேட்டுக்கொண்டு வந்திருந்தால் நானே மாட்டிக் கொடுத்திருக்கிறேன். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து நட்டை மறுபடி முறுக்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். அவர்களும் ஹாரன் அடித்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

லோடு வண்டி அப்படி இல்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்கிப் பாருங்கள், பிறகு கையை நீட்டித் தூக்கிப் பாருங்கள். குடம் அதேதான், தோள்தான் கழன்றுவிடும். சக்கரத்தை வெளியே தள்ளினால் உள்ளே இருக்கிற பேரிங்குக்கும் போல்ட்டுக்கும் அந்தத் தோளின் கதிதான். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு அப்பால் நடந்த ஒன்று. நினைத்தாலே இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது.

நான் வேலையை விட்டு நிற்பதற்கு முந்தின கிழங்கு சீசன். ஒரு காலையில் மினி லாரி ஒன்று வந்து நின்றது. மலைமேல் இருக்கிற திருப்புலி நாட்டுக்காரர்கள், புருசனும் பெண்டாட்டியும். ஓட்டுகிறவன் செல்லதுரை, சொந்த வண்டி. மனைவி கவிதாவும் எப்போதும் கூடவே வருவாள். மேலே குச்சிக்கிழங்கு பிடுங்குகிற தோட்டங்களில் மூட்டை ஏற்றிக் கீழே ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டுபோவது அவர்கள் பிழைப்பு. அவன் ஓட்டுவான், இவள் ஆலையில் நின்று எடை பார்ப்பாள். மரவள்ளியை நம் பக்கம் குச்சிக்கிழங்கு என்கிறோம், அதைப் பிடுங்கிவிட்டால் காத்திருக்காது. ஓரிரு நாள் தாண்டினாலே உள்ளே நீலம் ஓட ஆரம்பித்துவிடும், ஆலையில் வாங்க மாட்டார்கள்.

முதலில் இறங்கியது கவிதா. கையில் இருந்த அட்டைப்பெட்டியை என் மேஜைமேல் 'டொம்' என்று வைத்தாள். உள்ளே பளபளவென்று நாலு ஸ்பேசர்.

"ஏனுங்க மேஸ்திரி, இத நாலு சக்கரத்துக்கும் மாட்டித் தரோணுமுங்க. கிழங்கு புடுங்கிக்கிட்டு இருக்காங்க. நாளைக்குக் காலையில லோடு எறங்கோணும்."

"எதுக்கு அம்மிணி இது?"

"வண்டி சாயுதுங்க."

"எங்க சாயுது?"

"வளைவுலதானுங்க."

"எந்த வளைவுல?"

"எல்லா வளைவுலயுந்தான்! எழுபதுலயும்!" என்றாள். கோபம் வந்துவிட்டது. போனை எடுத்து ஒரு படம் காட்டினாள். யாரோ ஒருவன் தன் வண்டிக்கு ஸ்பேசர் மாட்டிவிட்டு மணலில் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறான். "பாருங்க, காலை அகட்டி நிக்கற ஆள யாராச்சும் தள்ள முடியுமுங்களா? சேர்த்து வெச்சு நிக்கறவன்தான் உழுவான்."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. பாதி உண்மையும்கூட. செல்லதுரையைப் பார்த்தேன். அவன் பின்னால் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. ஸ்டீரிங்கு நல்லாத்தான் இருக்குது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அந்தப் பக்கம் உக்காந்திருக்கறீங்க. பள்ளத்த எட்டிப் பாத்துக்கிட்டு இந்தப் பக்கம் உக்காந்து வர்றது நானு." என் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கிவிட்டது. "ஊட்டுல ரெண்டு புள்ளைங்கள உட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் ஒரே வண்டியில வாரோமுங்க. எங்களுக்கு ஒண்ணுன்னா அதுங்களுக்கு யாருமில்ல. ஒண்ணு இத மாட்டுங்க. இல்லாட்டி நான் இனி வண்டி ஏற மாட்டேன், இவரையும் ஏற உட மாட்டேன். வித்துட்டு கூலிக்குப் போறோம்."

வண்டியைக் குழிமேல் நிறுத்தி அடியில் போய்ப் பார்த்தேன். பேரிங்கில் ஆட்டம் இல்லை, நட்டு எல்லாம் இறுக்கம், பட்டை ஸ்பிரிங் உடையவில்லை. வண்டி நேராகத்தான் நின்றது. டெஸ்ட் ஓட்டிப் பார்த்தேன், குழந்தை மாதிரி ஓடியது. சாய்கிறதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? மாட்டிக் கொடுத்தால் அவர்கள் சந்தோஷமாகப் போவார்கள், அரை நாள் வேலை, பிரச்சினை இல்லை. ஆனால் அவ்வளவு பாரத்தோடு அந்த மலையில் அதை அனுப்ப எனக்கு மனம் வராது. சரி, மாட்டமாட்டேன் என்று சொல்லலாம். அது ரொம்பச் சுலபம். சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய் டீ குடிக்கலாம். நாம் சொன்னது சரிதான், நம்மேல் பழி இல்லை. அவர்கள் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள். அங்கே ஒருவன் கேள்வியே கேட்காமல் மாட்டிவிடுவான். அப்புறம் நம் சரி யாருக்கு உதவும்?

இன்னொன்றும் உறுத்தியது. ஸ்பேசர் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியும். ஆனால் வண்டி சாயவில்லை என்று சொல்ல முடியுமா? அந்தப் பெண் பொய் சொல்கிறவள் இல்லை. அவள் கேட்கிற மருந்து தப்பாக இருக்கலாம், நோய் இருக்கிறது. அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத நோயோடு ஒரு புருசன் பெண்டாட்டியை மலைக்கு அனுப்புவதா?

சட்டென்று ஒன்று தோன்றியது. என்னிடம் வந்து நின்ற வண்டியெல்லாம் காலி வண்டி! இத்தனை வருடமாக லோடு வண்டிகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன், ஒன்றுகூட லோடோடு என் குழிமேல் ஏறியதில்லை.

"நாளைக்கு லோடுல நானும் வாரேன்" என்றேன். "எறங்கி வந்த பொறவும் இது வேணும்னு உனக்குத் தோணுச்சுன்னா சொல்லு, என்ன பண்றதுன்னு அப்ப பேசிக்கலாம். வேற கடைக்கு மட்டும் போயிராத. பெட்டி இங்கயே இருக்கட்டும்."

கவிதா சந்தேகமாகப் பார்த்தாள். "உங்க ஊட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சொன்னா உட மாட்டாங்க. அதனால சொல்லப் போறதில்ல."

அதற்குத்தான் அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

மறுநாள் முதல் பஸ்சில், வளைவெல்லாம் முடிகிற மேல் ஊரான சோளக்காட்டுக்கு ஏறினேன். செல்லதுரை பைக்கில் வந்து திருப்புலி நாட்டுக்கு அழைத்துப் போனான். தோட்டத்து ஓரம் வண்டி நின்றது. நான் போனதும் அடியில் புகுந்துவிட்டேன். பாரம் ஏற ஏற ஸ்பிரிங் எப்படி இறங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிற ஆவல். மேலே நாலைந்து பேர் மூட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் மட்டும் தாளம் போடுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டே இருந்தார்: "மலப்பக்கம் போடு... மலப்பக்கம்... ம், மலப்பக்கம்." காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. இடப்பக்கத்து ஸ்பிரிங் கொஞ்சம் அதிகமாக இறங்கியிருந்ததையும் பார்த்தேன். தோட்டத்துத் தரை மேடு பள்ளம், அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மூக்குக்கு முன்னால் இருக்கிறதைப் பார்க்காமல் போக என்னைவிட்டால் ஆள் கிடையாது.

புறப்பட்டோம். செல்லதுரை ஸ்டியரிங்கில், நான் நடுவில், கவிதா இடப்பக்கக் கதவோரம். சோளக்காடு வரைக்கும் சரிவோடு ஒட்டிப் போகிற குறுகிய ரோடு. இடக்கைப் பக்கம் மலை, வலக்கைப் பக்கம் பள்ளம். கவிதா வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். பெரியவன் கணக்கில் புலி, சின்னவள் யாருக்கும் அடங்க மாட்டாள், இந்த வருடம் மிளகு பரவாயில்லை. பயந்தவள் பேசுகிற பேச்சாகவே இல்லை. வண்டியும் கோயில் தேர் மாதிரி நிதானமாகப் போனது. சாய்கிறதா? ஒரு இம்மி இல்லை. நான் குழம்பிப்போனேன்.

சோளக்காட்டைத் தாண்டினோம். கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பமாயின. முதல் வளைவு வலப்புறம் ஒடித்தது.

"எட்டுக்கையம்மா!"

கவிதா கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்திருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செல்லதுரை கையை நீட்டிப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான். அடுத்த வளைவு இடப்புறம். கவிதா சேலையைச் சரிசெய்துகொண்டாள், ஒரு சத்தமும் இல்லை. அதற்கடுத்தது வலப்புறம்.

"எட்டுக்கையம்மா!"

அடுத்தது இடம். அமைதி. அடுத்தது வலம். "அம்மா தாயே, எட்டுக்கையம்மா!"

தம்பிகளே, தங்கச்சிகளே, அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வேன்! உடம்பெல்லாம் எனக்கு ஜிவ்வென்று ஏறியது. இவள் எழுபது வளைவிலும் சாமியைக் கூப்பிடவில்லை. ஒன்று விட்டு ஒரு வளைவில்தான் கூப்பிடுகிறாள்! வெறும் பயம் என்றால் எல்லா வளைவிலும் கத்த வேண்டும். ஒன்றில் பயந்து மற்றதில் சேலையைச் சரிசெய்கிறாள் என்றால் வண்டி ஒரு பக்கம்தான் சாய்கிறது! மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்: இப்போது வருவது இடம், கத்த மாட்டாள். கத்தவில்லை. இப்போது வலம், கத்துவாள்.

கத்தினாள். ஆனால் அந்த வளைவில் அதைக் கொண்டாட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. திரும்பி முடித்ததும் எதிரே பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். அது மலையை ஒட்டி வந்தது, நாங்கள் பள்ளத்து ஓரமாக ஒதுங்கி நின்றோம். கவிதாவின் கதவுக்கு வெளியே முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் ஆகாயம்தான். நின்ற இடத்திலேயே வண்டி மெதுவாக அவள் பக்கம் அமுங்கியது. மேலே மூட்டைகள் 'கிறுக்' என்று முனகின. இந்த முறை எனக்கே தெரிந்தது.

"சாயுதுங்க! எறங்கிக்கறேன், நான் எறங்கிக்கறேன்!" கவிதாவின் கை கதவுக் கைப்பிடிக்குப் போய்விட்டது.

கதவைத் திறந்தால் அவள் கால் வைக்க அங்கே இடம் இல்லை. செல்லதுரை பதறிப்போய் ரிவர்ஸ் கியருக்குக் கையைக் கொண்டுபோனான். பின்னால் வளைவு, மேலே ஆடுகிற பாரம். இரண்டு பேரில் யார் அசைந்தாலும் கெட்டது. இதைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். அந்த மாதிரி நேரத்தில் "திறக்காதே! எடுக்காதே!" என்று கத்தத்தான் வாய் வரும். கத்தினால் பயந்தவள் இன்னும் பயப்படுவாள், கை தானாகக் கதவைத் திறந்துவிடும். செய்யாதே என்று சொல்வதைவிடச் செய்வதற்கு ஏதாவது கொடுப்பது நல்லது.

"தம்பி, கைப்பிரேக்க இழு" என்றேன், டீ கேட்கிற குரலில். இழுத்தான். "கியர்ல இருந்து கைய எடுத்து ஸ்டீரிங்குல வெய்யி." வைத்தான். கவிதாவின் மணிக்கட்டின்மேல் என் கையை வைத்தேன். "கவிதா, கண்ணு, ஒண்ணு சொல்லு. இதுக்கு முந்தி எந்த வளைவுல சாமியக் கூப்புட்ட?"

அவள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "என்னங்க?"

"இப்பக் கூப்புட்டல்ல, அதுக்கு முந்தி? யோசிச்சுச் சொல்லு."

"அது... முந்துன வளைவுல இல்லீங்க. அதுக்கும் முந்துனது." அவள் கை கொஞ்சம் தளர்ந்தது. "அதுக்கு முந்தியும் ஒண்ணு விட்டுத்தானுங்க. ஏனுங்க?"

பஸ் எங்களை உரசாமல் உரசி ஏறிப் போயிற்று. அந்த டிரைவருக்கு நான் மனதுக்குள் கும்பிடு போட்டேன். செல்லதுரையிடம் மெதுவாக எடுக்கச் சொன்னேன். கொஞ்சம் இறங்கியதும் ரோடு அகலமாகிற இடம் வந்தது. ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இறங்கினோம்.

வண்டிக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். ஒரு தோளில் மட்டும் மூட்டை தூக்கிய ஆள் மாதிரி இடப்பக்கம் அமுங்கி நின்றது. இடப்பக்கம் மூட்டை மூட்டையாக ஏறியிருந்தது, வலப்பக்கம் பாதிகூட இல்லை. காலையில் கேட்ட தாளம் அப்போதுதான் மண்டையில் ஏறியது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பயம் விலகிய சிரிப்பு.

"எதுக்குங்க சிரிக்கிறீங்க?" என்று செல்லதுரை கேட்டான்.

"மூட்டைய எந்தப் பக்கம் அதிகமா ஏத்துனீங்க, சாமி?"

"மலப்பக்கந்தானுங்க. எங்க பக்கம் எப்பவுமே அப்படித்தான். பாரம் மலையப் பாத்து இருந்தா பள்ளத்துல உழாதுல்லீங்க."

"சரிதான். இப்ப மலை எந்தப் பக்கம் இருக்குது?"

"இதென்ன கேள்விங்க, மல..." கையை நீட்டினான். நீட்டிய கை வலப்பக்கம் நின்றது. "சோத்தாங்கைப் பக்கம்..." வண்டியைப் பார்த்தான். மறுபடி மலையைப் பார்த்தான். அப்புறம் இடப்பக்கம் பள்ளத்தையும் அதைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிற மூட்டைகளையும் பார்த்தான்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திருப்புலி நாட்டிலிருந்து சோளக்காடு சந்தை வரைக்கும்தான் முன்பெல்லாம் சரக்குப் போகும். அந்த வழி முழுக்க மலை இடக்கைப் பக்கமே இருக்கும், அதனால் மலைப்பக்கம் ஏற்றுவது அந்த ரோட்டுக்குச் சரியான புத்திதான். இப்போது அதே லோடு நேராக ஆலைக்கு இறங்குகிறது. கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒருமுறை வலப்பக்கம் திரும்பினால், மலைப்பக்கம் ஏற்றிய பாரமெல்லாம் பள்ளத்துப் பக்கம் வந்துவிடும். இன்னொரு முறை இடப்பக்கம் திரும்பினால் மறுபடி மலைக்குப் போய்விடும். வளைவு மாறி மாறி வருகிறது, கவிதா ஒன்று விட்டு ஒன்றில் சாமியைக் கூப்பிடுகிறாள்!

கவிதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். "அப்ப அந்தத் தட்டு?"

"மாட்டியிருந்தா சக்கரம் இன்னும் வெளிய தள்ளி, அந்தக் கட்டைச் செவுத்துகிட்ட போயிருக்கும். அத்தன பாரமும் ஒரே பக்கத்து பேரிங்குல தொங்கும். வண்டி சாயறதையும் அது நிறுத்தாது."

அவள் மூட்டைகளை ஏறிட்டுப் பார்த்தாள். "ஆமாங்க. கால எவ்வளவு அகட்டி நின்னாலும் ஒரே தோள்ல மூட்டைய ஏத்துனா உழத்தான செய்வான்."

இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது. வேண்டுமானால் சுவரில் இதை ஒட்டிக்கொள்ளுங்கள்.

செல்லதுரை கயிற்று முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னான்: "நீ கத்தறப்ப எல்லாம் நான் பாட்டுச் சத்தத்தக் கூட்டி வெச்சேன்."

"தெரியுமுங்க" என்றாள் அவள். "மொத மூட்டைய எறக்குங்க."

நடு ரோட்டோரம் ஒரு திருவிழா நடந்தது. கயிற்றை அவிழ்த்தோம். மேலே ஏறி நின்று நான் கை காட்ட, அவர்கள் இரண்டு பேரும் மூட்டையை இழுத்தார்கள். சுற்றுலா வந்த பைக் பையன்கள் சிலர் நிறுத்திவிட்டு முதலில் வீடியோ எடுத்தார்கள். கவிதா ஒரு அதட்டல் போட்டதும் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு அவர்களும் கைகொடுத்தார்கள். கனமானதெல்லாம் அடியில், நடுவில். பக்கத்துக்குப் பக்கம் சமம். மேல் வரிசையைக் குறைத்து முன்னால் தள்ளினோம். வேர்வை கொட்டியது, முதுகு போயே போய்விட்டது, ஆனால் எனக்கு இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது. மறுபடி பின்னால் போய் நின்று பார்த்தேன். வண்டி நிமிர்ந்து நின்றது.

அடிவாரத்துக்கு வந்த பிறகு செய்ததெல்லாம் வழக்கமான வேலை. பல வருடம் ஒரே பக்கம் பாரம் சுமந்து, காலி வண்டியில் தெரியாத அளவுக்குக் களைத்துப்போயிருந்த இடப்பக்க ஸ்பிரிங்கை மாற்றினோம், ஸ்பேசர் பெட்டியை வாங்கின கடைக்கே திருப்பி அனுப்பினோம். அதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். யாராவது ஒரு சாமானைக் கையில் கொண்டுவந்து மாட்டித் தரச் சொன்னால், மாட்டலாமா கூடாதா என்று உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். எதற்குப் பயப்படுகிறாய், எங்கே, எப்போது என்று கேளுங்கள். பதில் கிடைக்கவில்லையென்றால் அந்தப் பயம் வருகிற இடத்துக்கே கூடப் போங்கள். வாடிக்கையாளர் பயப்படுகிறார் என்றால் எங்கோ எதுவோ சரியில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூட்டையை மாற்றி அடுக்கிவிட்டு நாங்கள் மறுபடி ஏறி உட்கார்ந்தோமே, அதைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வராது. செல்லதுரை பாட்டை நிறுத்திவிட்டான். இடப்புறம் ஒரு வளைவு போயிற்று. அடுத்தது வலம். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். நான் சொன்னது சரியா தப்பா என்பது இந்த ஒரு திருப்பத்தில் தெரிந்துவிடும். தப்பு என்றால் இந்தப் பெண் இனி வண்டி ஏற மாட்டாள், அவர்கள் பிழைப்பு அன்றோடு முடிந்தது.

வண்டி வலப்பக்கம் திரும்பியது. திரும்பி முடித்தது. சாயவில்லை. சத்தமும் இல்லை.

"நிறுத்துங்க!"

அதுவரை கத்தியதையெல்லாம் விடப் பெரிய கத்தல். செல்லதுரை பிரேக்கை மிதித்த மிதியில் என் நெற்றி முன்னால் போய் இடித்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

கவிதா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தாள். இரண்டு கண்களும் அகலத் திறந்திருந்தன.

"ஏனுங்க, அங்க பாருங்க! அந்த நீலத் தண்ணித் தொட்டி தெரியுதா? அதுக்குப் பொறத்தால ரெண்டு தென்ன மரம்? அது எங்கம்மா ஊடுங்க!"

கவிதா அடிவாரத்துப் பெண். கட்டிக்கொடுத்துத்தான் மேலே போனாள். அதற்கப்புறம் அந்த வழியில் எத்தனை லோடு வந்திருப்பாள்! ஏறும்போது அவள் பக்கம் மலைதான். இறங்கும்போது, பிறந்த வீடு தெரிகிற அந்த வளைவிலும் ஒவ்வொரு முறையும் கண்ணை இறுக மூடிக்கொண்டே வந்திருக்கிறாள்.

"எனக்குத் தெரியுமே" என்றான் செல்லதுரை. "நீயும் பாத்திருப்பேன்னு நெனச்சேன்."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. போன் ஏற்கெனவே காதில் இருந்தது. "அம்மா, வெளிய வா. வெளிய வந்து மலையப் பாரு. இல்ல, ஒண்ணும் ஆகல, நல்லா இருக்கேன், நீ மொதல்ல வெளிய வா. மேல, இன்னும் மேல. கைய ஆட்டறேன் பாரு, தெரியுதா?"

பாதி உடம்பைப் பள்ளத்துப் பக்கம் நீட்டி அவள் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் இரண்டு வண்டிகள் வந்து நின்று ஹாரன் அடித்தன. "கதவு பத்திரம் கண்ணு, கதவு பத்திரம்" என்று நடுவில் உட்கார்ந்து நான்தான் கத்திக்கொண்டிருந்தேன்.